திம்பம் மலையும் உன் கறுப்புச் சரிவும்

கோபிசெட்டிபாளையம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் பனிச்சறுக்குப் பழகி, நடுத்தரக் கடினமான சிவப்புச் சரிவுகளில் தயங்காமல் இறங்குகிறாய் என்பதில் மகிழ்ச்சி. மிகக் கடினமான கறுப்புச் சரிவில் பாதி வழியிலேயே சறுக்குப் பலகைகளைக் கழற்றித் தோளில் வைத்துக்கொண்டு நடந்து இறங்கினாய் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, ஏனென்றால் அங்கே இருந்த முதல் இரண்டு குளிர்காலங்களில் நானும் அதைத்தான் செய்தேன். இங்கே வயலில் நெல் பால் பிடித்திருக்கிறது. அந்தப் பழைய முழங்கால் வலி வரப்பில் நடக்கும்போது மட்டும் எட்டிப் பார்க்கிறது.

பலகையின் விளிம்பைப் பனியில் அழுத்திப் பிரேக் பிடிக்கப் பிடிக்க வேகம் கூடுகிறதே, ஏன் என்று கேட்டிருக்கிறாய். கல்லூரி நாளில் நாம் திம்பத்திலிருந்து பண்ணாரிக்கு மோட்டார் சைக்கிளில் இறங்கியது நினைவிருக்கிறதா? 27 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தப் பாதையில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்து, பாதியில் கருகிய வாடை அடிக்க, ஓரத்தில் நின்றுவிட்டோம். "எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள்" என்று ஒரு லாரி ஓட்டுநர் சொல்லிவிட்டுப் போனார். பனியில் கியர் கிடையாது. அதன் வேலையைச் செய்வது நீ போடும் வளைவின் வடிவம்தான்.

உராய்வை மறந்துவிட்டுக் கணக்குப் போட்டால், 10 மீட்டர் உயரம் நேராக இறங்கினாலே மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். நீ செய்வது என்னவென்றால், பலகைகள் பள்ளத்தாக்கை நோக்கித் திரும்பும் அந்த ஒரு நொடிக்குப் பயந்து, பின்பகுதியைச் சட்டென்று வீசித் திருப்பி, பிறகு விளிம்பை அழுத்திச் சுரண்டுகிறாய். அது வளைவே அல்ல, கோணல்மாணலான கோடு. வளைவை உருண்டையாகத் தொடங்கி, பலகைகள் சரிவுக்குக் குறுக்கே வந்து, முனைகள் இம்மியளவு மேட்டை நோக்கும் வரை முடித்துப் பார். சேர்ந்த வேகம் அங்கேயே கரைந்துவிடும், அடுத்த வளைவை நிதானமாகத் தொடங்கலாம். அவசரப்பட்டு முக்கால் வளைவில் விட்டுவிட்டால், மிச்ச வேகம் அடுத்ததில் கூடிக்கொள்ளும். மூன்றாவது வளைவில் உன்னால் நிறுத்த முடியாது.

இதையெல்லாம் கெடுப்பது உடம்பு. சரிவு செங்குத்தாக இருந்தால் மனம் மலைப்பக்கமாகச் சாயச் சொல்கிறது, அப்படிச் சாய்ந்தால் கீழ்ப்பக்கப் பலகையின் மேல் எடை குறைந்து விளிம்பின் பிடி விட்டுப்போகிறது. எனவே மார்பும் முகமும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி இருக்க, கால்கள் மட்டும் கீழே திரும்பட்டும்; எடையில் பெரும்பகுதி வளைவின் வெளிப்பக்கத்துப் பலகையின் மேல் இருக்கட்டும். ஊன்றுகோலைப் பக்கத்தில் ஊன்றாமல் கீழே எட்டி ஊன்றினால், உடம்பு தானாகவே முன்னால் போகும். சொல்வதற்கு எளிது, எனக்கு அந்த ஒரு கை நீட்டலுக்கே ஒரு பருவம் முழுவதும் ஆயிற்று.

திருப்பத்தைப் பழகும் முன் பக்கவாட்டில் சறுக்கப் பழகு. சரிவுக்குக் குறுக்கே நின்று, இரண்டு விளிம்புகளையும் சற்றே தளர்த்தி 2 மீட்டர் வழுக்கி, மறுபடி அழுத்தி நில். பிறகு மறுபக்கம் திரும்பி அதையே செய். நினைத்த இடத்தில் நிற்க முடியும் என்று காலுக்குத் தெரிந்தால் பாதிப் பயம் போய்விடும். அதோடு எந்தச் சரிவையும் நடந்து இறங்காமல் கடந்துவிடலாம். காலையில் பனி இறுகிக் கண்ணாடி போலிருக்கும்போது மழுங்கிய விளிம்பு பிடிக்காது, ஆகையால் பலகைகளைச் சாணை பிடிக்கக் கொடு. விழுந்துவிட்டால் முதல் வேலை கால்களைக் கீழ்ப்பக்கம் திருப்பிக்கொண்டு விளிம்பை ஊன்றுவதுதான்.

ஒரு செய்தி உனக்குப் பிடிக்கும். நார்வேக்காரர்களின் சறுக்கு முறை ஆல்ப்ஸின் செங்குத்துக்கு ஒத்துவரவில்லை என்று, ஆஸ்திரியாவின் லிலியன்ஃபெல்டில் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி என்பவர் ஒற்றைக் கோலோடு தனிமுறை ஒன்றை உருவாக்கினார். 1905ஆம் ஆண்டு மார்ச் மாதம் அங்கே முக்கன்கோகல் மலையில் அவர் நடத்திய, நட்டு வைத்த வாயில்களுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் ஓட்டத்தைத்தான் முதல் ஸ்லாலம் பந்தயம் என்கிறார்கள். வளைந்து இறங்குவதே கலை என்பது அப்போதே தெரிந்திருக்கிறது.

உங்கள் ஊரில் சிவப்புச் சரிவின் உச்ச வரம்பு 40 சதவீதம், அதாவது சுமார் 22 பாகை; அதற்கு மேல் எல்லாமே கறுப்புதான். ஆகவே கறுப்பு என்ற பெயரை மட்டும் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுக்காதே. மாயர்ஹோஃபனில் உள்ள ஹராகிரி என்ற கறுப்புச் சரிவு 78 சதவீதம். அதன் பக்கம் இந்த ஆண்டு தலைவைக்காதே. சிவப்பின் செங்குத்தான பகுதி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, மேலிருந்து அடிவரை முடிக்கப்பட்ட வளைவு எத்தனை என்று எண்ணி, அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்