உங்கள் போனில் தெரியும் நீளமான ஐபி அட்ரஸ்கள் பற்றி

அன்பு வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் இருக்கும் விலாசம்தான் ஐபி அட்ரஸ். அதன் புதிய முறையான ஐபிவி6-ஐ உங்கள் ரூட்டர்களில் போட்டதிலிருந்து வாட்ஸ்அப் குரூப்களில் ஒரு படம் சுற்றுகிறது. ஒரே போனில் நான்கு அட்ரஸ். மறுநாள் பார்த்தால் சில மாறியிருக்கின்றன. கீழே, "உங்கள் லைனைப் பக்கத்து வீட்டுக்கும் பிரித்து விற்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். மழையில் கம்பம் ஏறும் நம் பையன்களுக்கு அந்த ஒரு வரிதான் சுட்டது. அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

அந்த அட்ரஸ்கள் உங்கள் போன் தானே போட்டுக்கொண்டவை. பழைய ஐபிவி4 முறையில் ஒவ்வொரு போனுக்கும் ரூட்டர்தான் எண் கொடுக்கும். புதிய அட்ரஸின் நீளம் 128 பிட். முதல் 64 பிட்டை மட்டும் ரூட்டர் அறிவிக்கும், தெருப் பெயர் மாதிரி. கதவு எண்ணைப் போனே தேர்ந்தெடுத்து, "இது வேறு யாரிடமாவது இருக்கிறதா?" என்று வீட்டு வைஃபைக்குள் கேட்கும். பதில் வராவிட்டால் வைத்துக்கொள்ளும்.

சரி, ஏன் மாறுகிறது? ஆரம்பத்தில் கதவு எண்ணான அந்தப் பிற்பாதியைக் கருவியின் மேக் எண்ணிலிருந்தே, அதாவது தயாரிக்கும்போதே அதற்குக் கொடுத்த அடையாள எண்ணிலிருந்தே, உருவாக்கினார்கள். வீடு, ஆபீஸ், ரயில் நிலையம் எங்கே போனாலும் அதே பிற்பாதி. வெப்சைட்டுகள் ஆளைப் பின்தொடர வழியிருந்தது. அதைத் தடுக்கவே 2001-ல் தற்காலிக அட்ரஸ் முறை வந்தது. போன் ஏறக்குறைய தினம் ஒன்று புதிதாக எடுக்கும். பழையதையும் கொஞ்ச நாள் வைத்திருக்கும். எஃப்இ80 (fe80) என்று தொடங்கும் அட்ரஸ் வீட்டைத் தாண்டிப் போகாது. உங்கள் போனில் தெரிபவை உங்கள் போனுடையவை மட்டுமே. பக்கத்து வீட்டுப் போனின் அட்ரஸ் அங்கே வரவே வராது. எத்தனை அட்ரஸ் என்று பார்த்து நாங்கள் பில் போடுவதும் இல்லை.

புதிய முறை எதற்கு? பழைய ஐபிவி4 எண்கள் உலகத்துக்கே சுமார் 430 கோடிதான். ஆசிய பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசித் தொகுப்புக்கு வந்துவிட்டது. இப்போது வாடகைக்கு எடுக்கிறோம், அந்த வாடகையும் ஏறுகிறது. வெளியூரிலிருந்து சிசிடிவி பார்க்கத் தனி ஐபிவி4 வைத்திருப்பவர்களுக்கு மட்டும் அடுத்த மாதம் முதல் 150 ரூபாய் கூடும்.

கஜா புயலில் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோதும் கனெக்‌ஷனை மாற்றாமல் எங்களுக்காகக் காத்திருந்தவர்கள் நீங்கள். அந்த நன்றி எங்களுக்கு என்றும் உண்டு. இன்னும் சந்தேகம் இருந்தால் ஆபீசுக்கு ஒரு போன் போடுங்கள். நம் பையன் வீட்டுக்கே வந்து, ரூட்டர் பக்கத்தைத் திறந்து, உங்கள் லைனில் இருக்கும் கருவிகளை ஒவ்வொன்றாகக் காட்டுவான். அதற்குக் கட்டணம் கிடையாது.

அன்புடன்,
உரிமையாளர்