பெங்களூரில் வேதம் படிக்கும் மகனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

போனில் பேசினால் "நல்லாயிருக்கேன்ப்பா, கிளாஸ் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் கடைசிவரை வாசிப்பாய், அதனால் எழுதுகிறேன். கோயிலில் ஈஸ்டருக்கு முந்தின லெந்து கூட்டங்கள் நடக்கின்றன. விளையில் பதநீர் இறங்க ஆரம்பித்துவிட்டது. அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. அக்கா மகன் எழுத்துக்கூட்டி வாசிக்கிறான். அம்மா உனக்கு முறுக்கும் கருப்பட்டியும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள். அதில் இன்னொன்றும் இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

இந்த செமஸ்டரில் பவுல் எழுதின இரண்டாம் தீமோத்தேயு நிருபத்தைக் கிரேக்கில் வாசிப்பதாகச் சொன்னாய். நீ எழுதி அனுப்பிய அந்த ஒரு பக்கத்தை அக்காவுக்கும் அத்தானுக்கும் அனுப்பினேன். நம்ம சேகரத்துப் பாதிரியார் ஐயரிடமும் காட்டினேன், அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். தாத்தா உபதேசியாராகச் சைக்கிளில் ஊர் ஊராகப் போனவர். ஒரே ஒரு தமிழ் வேதாகமத்தை வைத்துக்கொண்டு ஆயுசு முழுக்க ஊழியம் செய்தார். அவர் பேரன் மூலபாஷையில் வாசிக்கிறான் என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை. படிப்பை மட்டும் பாதியில் விட்டுவிடாதே. ஊழியத்துக்கு அழைப்பு வந்தபிறகு படிப்பு எதற்கு என்று சொல்கிறவர்கள் உங்கள் பக்கத்திலும் இருப்பார்கள். பவுல் ஜெயிலில் இருந்துகொண்டு தன் மேலங்கியோடு புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் கேட்டு எழுதினார் என்பதை அவர்களுக்குச் சொல்.

நீ ஆவியின் அபிஷேகம் பெற்று அந்நியபாஷை பேசுவதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. தாமிரபரணியில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்ததற்கும் சொல்லவில்லை. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம், அது வேறு. கோயிலில் கேட்டவர்களுக்கெல்லாம் நான்தான் பதில் சொன்னேன். அந்நியபாஷை என்றால் அமெரிக்காவிலிருந்து வந்தது என்று பேசுகிற ஆட்களிடம் நம்ம தமிழ் ஊழியர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பனாரைப் பற்றித்தான் சொல்வேன். அவர் பாளையங்கோட்டையில் மிஷனரி ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். 1860-ல், அந்தக் காலத்துத் திருநெல்வேலி ஜில்லாவில், வத்திராயிருப்புப் பக்கம் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் வந்தபோது ஜனங்கள் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் பேசினார்கள். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் 1906-ல் நடந்த எழுப்புதலுக்கு 46 வருஷம் முந்தி. ஆவியானவர் நம்முடைய மண்ணுக்குப் புதியவர் இல்லை. ஆகையால் நான் இனிமேல் எழுதப்போவதை, அவிசுவாசத்தில் எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே.

அங்கே வெள்ளிக்கிழமை தோறும் முழு இரவு ஜெபமா? நீயும் விடியும்வரை இருக்கிறாயா? உனக்கு ராத்திரித் தூக்கம் கெடக்கூடாது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கும். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு முந்தின ராத்திரியும் நினைவிருக்கும். உபவாசம் இரு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, லெந்து நாட்களில் நாங்களும் இருக்கிறோம். ஆனால் வெறும் வயிற்றோடு கண்விழிக்காதே. நீ பத்து மணிக்குப் படுத்து விடியற்காலையில் எழுந்து ஜெபித்தாலும் கர்த்தர் கேட்பார். ராத்திரி தூங்கு, ஐயா.

சரி, நீ வாசிக்கிற அந்த நிருபத்துக்கே வருகிறேன். நாலாம் அதிகாரத்தின் கடைசியை மெதுவாக வாசித்துப் பார். பிரசங்கத்துக்கு உதவாத ஆள் பெயர்கள் என்று எல்லாரும் தாண்டிப்போகிற இடம் அது. லூக்கா மாத்திரம் என்னோடே இருக்கிறான் என்கிறார் பவுல். லூக்கா யார்? பிரியமான வைத்தியன் என்று கொலோசெயர் நிருபத்தில் அவரே எழுதியிருக்கிறார். எல்லாரும் போனபிறகு அப்போஸ்தலன் பக்கத்தில் இருந்தது ஒரு டாக்டர். அதற்குக் கீழே, துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். எந்தப் பவுல்? எபேசுவில் அவர் சரீரத்திலிருந்து உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய்ப் போட்டதும் வியாதிகள் நீங்கினதே, அதே பவுல். அந்தத் துரோப்பீமும் எபேசியன்தான். தன் கூட ஊழியம் செய்தவனை வியாதியோடு விட்டுவந்தார். அவனுக்கு விசுவாசம் இல்லை என்று ஒரு வார்த்தை எழுதினாரா? எசேக்கியா ராஜாவுக்கு, சுகமாக்குவேன் என்று கர்த்தர் வாக்குக் கொடுத்தபிறகும், ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார். வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அறையில் இருந்தன.

டோனாவூருக்கு உன்னைச் சின்னப்பிள்ளையில் கூட்டிப்போயிருக்கிறேன். ஏமி கார்மைக்கேல் அம்மாவைப் போல ஜெபத்தை நம்பி வாழ்ந்தவர்கள் இந்தச் சீமையில் குறைவு, யாரிடமும் பணம் கேட்டதில்லை. அந்த அம்மாதான் அங்கே ஆஸ்பத்திரியும் கட்டினார்கள். 1931-ல் கீழே விழுந்து, 1951-ல் மரிக்கும்வரை பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்ல யாருக்கு நாக்கு எழும்பும்?

கிறிஸ்துமஸுக்கு நீ வந்திருந்தபோது பந்தலில் பேசிய ஊழியர், சீஷர்களால் குணமாக்க முடியாத அந்தப் பையனுடைய கதையை எடுத்துப் பேசினார். வலிப்பு என்றாலே பிசாசு என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டு பைபிளின் ஓரத்தை நகத்தால் கீறிக்கொண்டே இருந்தாய். நான் பின்வரிசையில் இருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வீட்டுக்கு வந்தும் நீ பேசவில்லை, நானும் பேசவில்லை. இப்போது சொல்கிறேன். மத்தேயு 4:24-ஐ எடு. இயேசுவிடத்தில் கொண்டுவரப்பட்டவர்களை வரிசையாகச் சொல்லும்போது பிசாசுபிடித்தவர்கள் தனி, சந்திரரோகிகள், அதாவது வலிப்பு உள்ளவர்கள், தனி, திமிர்வாதக்காரர் தனி. அந்த ஒரு பையனுக்கு இருந்தது அந்த ஆவி. அதை எடுத்து இந்தத் தொந்தரவு உள்ள எல்லாப் பிள்ளைகள் தலையிலும் வைக்க வேதம் இடம் கொடுக்கவில்லை. உன்மேல் எந்தப் பிசாசும் இல்லை. நீ எங்கள் பிள்ளை, கர்த்தருடைய பிள்ளை.

நீ பெங்களூருக்குக் கிளம்பிப்போனபிறகு, விட்டுவிட்டுப் போன அந்தப் பழைய பையை அம்மா துவைக்க எடுத்தாள். பக்கவாட்டு ஜிப்புக்குள் ரெண்டு அட்டை இருந்தது. ஒரு மாத்திரைகூட அமுக்கி எடுக்கவில்லை, வெள்ளித்தாள் கிழியாமல் அப்படியே. என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குச் சாப்பிடவும் இல்லை. அதற்கப்புறம் நீ போனில், "இனி அனுப்பவேண்டாம், இங்கேயே வாங்கிக்கிறேன்" என்றாய். நிறுத்திவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. மறந்திருக்கலாம், வேறு அட்டை கையில் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் முன்னைவிட மோசமாக வரும், விடாமல் தொடர்ந்து வந்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொன்னார். நீயும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய்.

கர்த்தர் உனக்குச் சுகம் தந்திருந்தால் முதலில் ஸ்தோத்திரம் சொல்கிறவன் நான். குஷ்டரோகியைச் சொஸ்தமாக்கின இயேசு, போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி என்றார். அப்படியே நீயும் போய் டாக்டருக்குக் காண்பி. அவர் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தட்டும். உண்மையான சுகம் டெஸ்டுக்குப் பயப்படாது. நம்ம பூட்டன் பனையேறினவர். ஜெபம் பண்ணாமல் மரத்தைத் தொடமாட்டார், காலில் தளைநாரை மாட்டாமலும் ஏறமாட்டார்.

இன்னொன்று. இது உன் சரீரத்தோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். நாளைக்கு நீ பாஸ்டர் ஆவாய். பீடி சுற்றிப் பிழைக்கிற ஒரு அம்மா, இதே தொந்தரவு உள்ள பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு உன் சபை வாசலில் வந்து நிற்பாள். நீ வாயைத் திறந்து நிறுத்து என்றே சொல்லவேண்டாம். பாஸ்டரே மாத்திரை இல்லாமல் இருக்கிறாராமே என்று கேள்விப்பட்டால் போதும், அன்று ராத்திரியே அவள் நிறுத்திவிடுவாள். அந்தப் பிள்ளை கிணற்றடியிலோ அடுப்பங்கரையிலோ விழுந்தால் யார் கணக்குக் கொடுப்பது? போதகராகிறவர்கள் அதிக ஆக்கினையை அடைவார்கள் என்று யாக்கோபு எழுதினதை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. வசனத்தை நிதானமாய்ப் பகுத்துப் போதிக்கத்தானே இந்தக் கிரேக்கும் எபிரெயுவும் படிக்கிறாய்? அந்த அம்மாவுக்கு நீ தைரியமாகச் சொல்லவேண்டும்: ஜெபம் பண்ணுவோம், மாத்திரையும் கொடு, ரெண்டும் கர்த்தர் கையிலிருந்துதான் வருகிறது என்று. மாத்திரை போட்டுக்கொள்கிற பாஸ்டர் சொன்னால்தான் அவள் நம்புவாள். இந்த ஊழியத்தை உன்னைப்போல வேறு யாராலும் செய்யமுடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. உன்னை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை என்று உன்னிடம் நேரில் சொல்ல எனக்கு வராது. அக்காவைக் கேள், அவள் சொல்வாள்.

உன் ரூமில் கூட இருக்கிற தம்பிக்கு உன் விஷயம் தெரியுமா? தெரியாவிட்டால் இன்றைக்கே சொல். வந்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்க வேண்டும். வாயில் எதையும் திணிக்கக்கூடாது, கையில் சாவி கொடுக்கிறதெல்லாம் வேண்டாம். அஞ்சு நிமிஷத்துக்குள் நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. ஜெபிக்கிறவர்கள் ஆட்டோவில் வரும்போது ஜெபிக்கட்டும். வெட்கப்பட இதில் ஒன்றும் இல்லை.

பார்சலில் முறுக்குக்குக் கீழே ரெண்டு மாதத்துக்கு மாத்திரை இருக்கிறது, டாக்டர் சீட்டும் வைத்திருக்கிறேன். ஆனால் இடையில் விட்டிருந்தால் நீயாக எடுத்து முழு அளவைப் போட்டுவிடாதே, முதலில் டாக்டரிடம் போனில் பேசு. நம்பர் சீட்டிலேயே இருக்கிறது. மே மாத லீவுக்கு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டுவிடு, கீழ் பெர்த்தாகப் பார்த்துப் போடு. வந்ததும் ரெண்டு பேருமாக ஹைகிரவுண்ட் போய்வருவோம். உபவாசம் முடிக்கிற அன்றைக்குக் கஞ்சிதான் குடிக்கவேண்டும், புரோட்டா வேண்டாம். ராத்திரி தூங்கு.

பார்சல் கிடைத்ததும் அம்மாவுக்குப் போன் பண்ணு. எனக்குப் பண்ணவேண்டாம், அவளுக்குப் பண்ணு. அட்டையைப் பற்றி அவள் கேட்கமாட்டாள், நீயாகச் சொல்.

அன்புடன்,
அப்பா