கஞ்சாவை லாபத் தொழிலாக்காதீர்கள்: சட்டம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அவை உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பொழுதுபோக்குக்காகக் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற கேள்வி பல நாடுகளின் அவைகளுக்கு வந்திருக்கிறது. சில இடங்களில் முடிவெடுத்துவிட்டார்கள். சில இடங்களில் குழு போட்டு அறிக்கைக்காகக் காத்திருக்கிறார்கள். இந்தப் பேச்சை எடுக்கவே தயங்கும் இடங்களும் நிறைய. நீங்கள் எந்த நாட்டு அவையில் இருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். போதைப் பழக்கத்திலிருந்து மீள வருகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் வேலை. அதனால், கஞ்சா ஒரு தீங்கும் செய்யாத மூலிகை என்று யாராவது சொன்னால் என்னால் தலையாட்ட முடியாது. ஒரு சின்னப் பொட்டலத்துக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புவதையும் ஏற்க முடியாது.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதுவந்த ஒருவர் தன் பயன்பாட்டுக்குச் சிறிதளவு கஞ்சா வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். அதை அவர் சட்டப்படி பெறுவதற்கு ஒரு வழியும் செய்யுங்கள். ஆனால் அந்த வழியில் லாபம் தேடும் நிறுவனங்களை நுழையவிடாதீர்கள்.

தடை தொடர வேண்டும் என்பவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. பிள்ளைகளை நினைத்துத்தான் அவர்கள் பயப்படுகிறார்கள். ஆனால் தடை என்ன சாதித்தது என்று பார்க்க வேண்டும் அல்லவா? 1961ஆம் ஆண்டின் ஐ.நா. போதைப்பொருள் ஒப்பந்தம் கஞ்சாவை ஹெராயினோடு சேர்த்து மிகக் கடுமையான பட்டியலில் வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைக்குப் பிறகு, 2020 டிசம்பரில்தான் அதை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். அதுவும் 27க்கு 25 வாக்கு என்ற மயிரிழை வித்தியாசத்தில். கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் உலகம் முழுவதும் இதற்குக் காவல் போட்டும், இன்று ஆண்டுக்கு 20 கோடிக்கு மேற்பட்டவர்கள் கஞ்சா பயன்படுத்துவதாக ஐ.நா.வே மதிப்பிடுகிறது.

அப்புறம், அந்தக் காவலில் சிக்குகிறவர்கள் யார்? அமெரிக்காவில் வெள்ளையர்களும் கறுப்பினத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் கஞ்சா பயன்படுத்துகிறார்கள். ஆனால் கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு கறுப்பினத்தவருக்கு மூன்றரை மடங்குக்கும் அதிகம் என்று அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) 2020இல் வெளியிட்ட அறிக்கை காட்டியது. தெருவில் நிற்பவர், வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர், காவலர் கண்ணில் ஏற்கெனவே சந்தேகத்துக்குரியவர், இவர்கள்தான் முதலில் மாட்டுகிறார்கள். கஞ்சா ஒருவரின் உடம்பிலிருந்து சில வாரங்களில் வெளியேறிவிடும். வழக்கு அப்படிப் போவதில்லை. வேலைக்கு மனு போடும்போது, வாடகைக்கு வீடு தேடும்போது, வெளிநாட்டுக்கு விசா கேட்கும்போது என்று ஒவ்வொரு படியிலும் குறுக்கே நிற்கும்.

என் வேலையில் நான் பார்க்கும் இன்னொரு தீங்கும் உண்டு. சட்டம் மிரட்டும்போது ஆட்கள் உதவி கேட்டு வருவதில்லை. வீட்டில் சொன்னால் அடி, வேலையிடத்தில் தெரிந்தால் நீக்கம், காவல் நிலையத்துக்குப் போனால் வழக்கு. எங்கே போய் "என்னால் விட முடியவில்லை" என்று சொல்வார்கள்? பழக்கம் முற்றி, தூக்கம் போய், படிப்பு போய், யாராவது இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் எங்களிடம் வந்து சேர்கிறார்கள்.

போர்ச்சுகல் இதை 2001இலேயே புரிந்துகொண்டது. அங்கே எந்தப் போதைப்பொருளானாலும் பத்து நாள் பயன்பாட்டுக்கான அளவுக்குள் வைத்திருந்தால் அது குற்ற வழக்காகாது. கஞ்சா இலை என்றால் 25 கிராம். பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக ஒரு சிறு குழுவின் முன்னால் போய் உட்கார்கிறார். சட்டம், உளவியல், சமூகப்பணி தெரிந்தவர்கள் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். பழக்கம் முற்றியிருந்தால் சிகிச்சைக்கு வழிகாட்டுகிறார்கள். விற்பனை அங்கே இன்றும் குற்றம்தான். அன்று பயந்தபடி நாடு போதையில் மூழ்கிவிடவும் இல்லை.

சரி, கஞ்சாவின் தீங்குக்கு வருகிறேன். "இதற்கு யாரும் அடிமையாவதில்லை" என்று அடிக்கடி கேட்கிறேன். உண்மையில்லை. பயன்படுத்திப் பார்த்தவர்களில் சுமார் 9 சதவீதம் பேர் அதைச் சார்ந்தே வாழும் நிலைக்குப் போகிறார்கள். பதின்வயதில் தொடங்கியவர்களில் இது ஆறில் ஒருவர். நிறுத்தினால் தூக்கம் வராது, பசி எடுக்காது, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வரும். போதை தரும் டி.எச்.சி. என்ற வேதிப்பொருளின் அளவும் முன்பு போல் இல்லை. அமெரிக்காவில் 1990களின் நடுவில் பறிமுதலான கஞ்சாவில் அது 4 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பின்னால் 15 சதவீதம் வரை ஏறியது. பிழிந்து செறிவூட்டிய மெழுகு, எண்ணெய் வகைகளில் 60, 70, சிலவற்றில் 90 சதவீதம்.

2019இல் ஐரோப்பாவிலும் பிரேசிலிலுமாகப் பதினொரு இடங்களில் நடந்த ஓர் ஆய்வு, வலிமை கூடிய கஞ்சாவைத் தினமும் பயன்படுத்துகிறவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய ஐந்து மடங்கு என்று கண்டது. கஞ்சாதான் காரணமா, ஏற்கெனவே பாதிக்கப்படக்கூடியவர்கள் அதை நாடுகிறார்களா என்று வல்லுநர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அந்த வாதம் முடியட்டும் என்று காத்திருக்க எனக்கு மனமில்லை. யாரோ தன்னைப் பின்தொடர்வதாகவும் சுவருக்குள் குரல் கேட்பதாகவும் சொல்லும் பத்தொன்பது வயதுப் பிள்ளையையும், பக்கத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் அம்மாவையும் பார்த்தவர் எவரும், தினசரிப் பயன்பாட்டையும் வலிமையையும் கூட்டிவிடும் எந்த ஏற்பாட்டுக்கும் ஆதரவு சொல்ல மாட்டார்.

லாபத்தின் பிரச்சினை அங்கேதான் வருகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2014 ஜனவரி முதல் நாளில் கடைகளைத் திறந்தது. அதே ஆண்டு அந்த மாநில வருவாய்த் துறைக்காகச் செய்த ஆய்வு ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டியது. அநேகமாகத் தினமும் பயன்படுத்துகிறவர்கள் மொத்தப் பயனாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். ஆனால் மொத்தத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாரக் கடைசியில் நண்பர்களோடு ஒரு முறை இழுத்துவிட்டுப் போகிறவரால் எந்த நிறுவனமும் பிழைக்க முடியாது. காலையில் எழுந்ததும் தேடுகிறவரை நம்பித்தான் கடை ஓடுகிறது. எங்களிடம் சிகிச்சைக்கு வர வேண்டியவர்தான் அவர்களுடைய சிறந்த வாடிக்கையாளர். அவர் குறைத்துக்கொண்டால் நிறுவனத்துக்கு நட்டம். முதலீட்டாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு நிர்வாகி, எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இன்னும் வலிமையான சரக்கு, இன்னும் இனிப்பான வடிவம், இன்னும் இளைய வாடிக்கையாளர் என்றுதான் போக வேண்டியிருக்கும். புகையிலை நிறுவனங்களும் மது நிறுவனங்களும் நம் கண்முன்னே அப்படித்தான் போயின. மதுவால் மட்டும் 2019இல் உலகில் 26 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மதுவும் சட்டபூர்வம்தானே என்று கஞ்சாவுக்காக வாதாடுகிறவர்கள் இந்த எண்ணை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒரே சட்டத்தின் கீழ் இரண்டு விதமாக விற்றால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவே சான்று. அங்கே 2018 அக்டோபர் 17 முதல் கஞ்சா சட்டபூர்வம். மறு ஆண்டு கஞ்சா கலந்த தின்பண்டங்களுக்கும் அனுமதி கிடைத்தது. சில மாகாணங்கள் மிட்டாய், சாக்லேட் எல்லாம் விற்கவிட்டன. கியூபெக் மாகாணம் அவற்றைத் தடுத்துவிட்டது. தெரியாமல் கஞ்சாவைத் தின்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட சின்னக் குழந்தைகளின் எண்ணிக்கை, கஞ்சா சட்டபூர்வமானதும் எல்லா இடத்திலும் கூடியது. இதை மறைக்கக் கூடாது. ஆனால் தின்பண்டங்கள் வந்த பிறகு, அவற்றை அனுமதித்த மாகாணங்களில் அது மேலும் வெகுவாக ஏறியது. கியூபெக்கில் அப்படி ஏறவில்லை. அதே கியூபெக்கில் கஞ்சாவை விற்பது அரசு நிறுவனம் மட்டும்தான். லாபம் ஆராய்ச்சிக்கும் தடுப்புப் பணிக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. வாங்கும் வயதையும் 2020இல் 21 ஆக உயர்த்தினார்கள்.

உருகுவே 2013இல் முதன்முதலாக ஒரு நாடு முழுவதற்கும் இதைச் சட்டமாக்கியது. வீட்டில் ஆறு செடி வரை வளர்க்கலாம், உறுப்பினர்கள் சேர்ந்து செடி வளர்க்கும் சிறு சங்கத்தில் சேரலாம், அல்லது பதிவு செய்துகொண்டு மருந்துக்கடையில் வாங்கலாம். மாதத்துக்கு 40 கிராமுக்கு மேல் கிடையாது. விளம்பரமும் கிடையாது. ஜெர்மனியும் 2024 ஏப்ரலில் சட்டத்தைத் தளர்த்தியபோது கடைகளைத் திறக்கவில்லை. மூன்று செடி, வெளியே 25 கிராம், லாபநோக்கமில்லாத சங்கங்கள், அவ்வளவுதான். 21 வயதுக்குட்பட்ட உறுப்பினருக்குச் சங்கம் 10 சதவீதத்துக்கு மேல் டி.எச்.சி. உள்ளதைக் கொடுக்கக் கூடாது. வலிமைக்கு ஒரு வரம்பு போட முடியும் என்று எழுதிக் காட்டியதற்காகவே அந்தச் சட்டத்தை எனக்குப் பிடிக்கும்.

இந்த வழியில் கஷ்டமே இல்லை என்று சொல்ல மாட்டேன். உருகுவே மருந்துக்கடைகளில் முதலில் வலிமை மிகக் குறைந்ததை மட்டும் வைத்தார்கள். பலர் கள்ளச்சந்தையிலேயே வாங்கினார்கள். பின்னால் வலிமை கூடிய வகைகளையும் சேர்க்க வேண்டியதாயிற்று. அமெரிக்க வங்கிகளின் நெருக்குதலுக்குப் பயந்து உள்ளூர் வங்கிகள் முகம் திருப்பியதால் சில மருந்துக்கடைகளே விலகிக்கொண்டன. கள்ளச்சந்தை ஒரே நாளில் ஒழியாது. ஆனால் தனியாருக்குத் திறந்துவிட்டால் ஒழியும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. கலிஃபோர்னியாவில் உரிமம் பெற்ற கடைகள் வந்து ஆண்டுகள் ஆகியும் கள்ள விற்பனை பெரிதாகவே நடக்கிறது. தாய்லாந்து 2022 ஜூனில் போதைப் பட்டியலிலிருந்து கஞ்சாவை நீக்கியது. விற்பனையைக் கட்டுப்படுத்தும் முழுமையான சட்டம் அப்போது கையில் இல்லை. ஆயிரக்கணக்கான கடைகள் முளைத்தன. 2025இல் மருத்துவர் சீட்டு இருந்தால்தான் வாங்கலாம் என்று திரும்பி வர வேண்டியிருந்தது. பிழைப்புக்காகக் கடை போட்டவர்கள் அந்தத் தடுமாற்றத்துக்கு விலை கொடுத்தார்கள்.

வரி வருமானத்தைக் காட்டி உங்களை யாராவது மயக்க வருவார்கள். தயவுசெய்து அதை இந்தச் சட்டத்தின் காரணமாக ஆக்காதீர்கள். அரசே விற்றாலும் இதே ஆபத்து உண்டு. கஞ்சாப் பணம் பொதுக் கஜானாவுக்குள் போய்விட்டால் விற்பனை குறையும் ஆண்டில் நிதியமைச்சர் முகம் வாடும். ஆகவே விற்பனையைச் சுகாதாரத் துறையின் கீழ் வையுங்கள். வரும் பணம் சிகிச்சைக்கும் தடுப்புக்கும் மட்டுமே என்று சட்டத்திலேயே எழுதுங்கள். வண்டி ஓட்டுவது பற்றியும் ஒரு வார்த்தை: ரத்தத்தில் டி.எச்.சி. எவ்வளவு என்பதை வைத்து ஒருவர் எவ்வளவு மயக்கத்தில் இருக்கிறார் என்று மதுவைப் போல் சொல்லிவிட முடியாது. காவலர்களுக்கு நேரடிச் சோதனை முறைகளில் பயிற்சி கொடுக்காமல் சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவராதீர்கள்.

கடைசியாக, ஏற்கெனவே தண்டிக்கப்பட்டவர்கள். இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுவது எல்லா இடத்திலும் நடக்கிறது. கனடாவில் கஞ்சா சட்டபூர்வமான மறு ஆண்டுதான் பழைய தண்டனைகளுக்கு மன்னிப்புச் சட்டம் வந்தது. அதிலும், பாதிக்கப்பட்டவரே ஆவணங்களைத் திரட்டி விண்ணப்பிக்க வேண்டும் என்று வைத்தார்கள். முதல் சில ஆண்டுகளில் சில நூறு பேருக்குத்தான் அது கிடைத்தது. ஒரு காலத்தில் ஒரு பொட்டலத்துக்காகத் தண்டனை பெற்ற பலர் அதன் பிறகும் அதே நாட்டில் குற்றவாளிப் பட்டத்தோடு வேலை தேட வேண்டியிருந்தது. பதிவேடுகள் அரசின் கையில்தான் இருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து நீக்கும் பொறுப்பும் அரசுடையது என்று அதே மசோதாவில் ஒரு பிரிவு வையுங்கள். அந்தப் பிரிவு இல்லாத மசோதா உங்கள் மேசைக்கு வந்தால், திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
போதை மீட்பு ஆலோசகர் ஒருவர்