பாப்பாவுக்கு, செல்லூரிலிருந்து

அன்புள்ள பாப்பா,

அம்மா அனுப்பிய பருப்புப்பொடி வந்து சேர்ந்ததா? சேர்ந்திருந்தால் அவளுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடு. தினமும் என்னைத்தான் கேட்கிறாள்.

போன வாரம் போனில் பேரன், "தாத்தா, நீங்க வைகையில நீச்சல் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். "ஓ, நிறைய!" என்று சொல்லிவிட்டேன். அது பொய், தாயி. எனக்கு இன்றைக்கும் நீச்சல் தெரியாது. செல்லூர்ப் பிள்ளைகளுக்கு ஆறு என்றால் பெரும்பாலும் மணல்தான்.

பள்ளிக்கூடம் விட்டதும் கல்பாலத்துக்கு மேற்கே இறங்கிவிடுவோம். கபடி, கிட்டிப்புள் எல்லாம் அங்கேதான். விழுந்தாலும் முட்டி பேராது. சாயம் போட்ட சேலைகளை மணலில் விரித்துக் காயப்போட்டிருப்பார்கள். பந்து அதன்மேல் உருண்டால் பந்தும் போச்சு, நாங்களும் ஓட வேண்டியதுதான். தாகம் எடுத்தால் சிரட்டையால் ஊற்றுத் தோண்டுவோம். முழங்கை ஆழத்தில் ஈரம் தட்டும், இன்னும் ஒரு சாண் போனால் கலங்கலாக ஊறும். அதை இரண்டு தடவை இறைத்துக் கொட்டிவிட்டுப் பொறுமையாக உட்கார வேண்டும். அப்புறம் ஊறுவது கண்ணாடி. அவசரப்பட்டவனுக்கு வாயெல்லாம் மண். உன் பெரியப்பாவுக்கு எப்போதும் அவசரம்தான்.

ஆண்டிபட்டிப் பக்கம் வைகை அணை வந்தது 1959இல், நான் பிறப்பதற்கு முந்தின வருஷம். அதனால் எங்கள் காலத்து ஆறு சொல்லிவிட்டுத்தான் வரும். நீர்மட்டம் 66 அடி என்றால் முதல் எச்சரிக்கை, 69 என்றால் மூன்றாவது. மொத்தமே 71 அடி. காய்ந்த மணலில் முதல் தண்ணீர் பாய்ந்து வராது. மணல் குடித்தது போக மிச்சம், நுரையையும் சருகையும் தள்ளிக்கொண்டு ஊர்ந்து வரும். நாங்கள் அதைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்போம். காலைத் தொட்டால் அவுட்.

சித்ரா பௌர்ணமிக்கு அழகர் ஆற்றில் இறங்குவார். ஊரே தங்கக் குதிரையையும் பட்டையும் பார்க்கும். நாங்கள் மறுநாளுக்குக் காத்திருப்போம், மணலைச் சலித்து விழுந்த காசு பொறுக்க.

உனக்கு ஒன்பது வயசில், பந்தெடுக்க ஆற்றில் இறங்கினாய் என்று புளிய விளாறால் அடித்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "நீங்க மட்டும் விளையாடினீங்க" என்று அழுதாய். நான் பதில் சொல்லவில்லை. அதற்குள் மணலை லாரி லாரியாக அள்ளிவிட்டிருந்தார்கள். அள்ளின பள்ளத்தில் சாக்கடை நின்றது, மேலே ஆகாயத்தாமரை மூடிப் புல்தரை மாதிரித் தெரியும். எது தரை, எது பள்ளம் என்று அங்கேயே வளர்ந்த எனக்கே பிடிபடவில்லை. பயந்து போனேன். அந்தப் பயத்தை உன் கால் வாங்கிக்கொண்டது.

போன மாதம் திருவேடகம் போயிருந்தேன். அங்கே கரையோரம் கொஞ்சம் மணல் மிச்சம் இருக்கிறது. சித்திரைக்கு வரும்போது மூன்று பேரும் போவோம். சிரட்டைகளைக் கழுவி எடுத்து வைத்திருக்கிறேன். உனக்கும் ஒன்று.

நீச்சல் விஷயத்தை அவனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ முந்திவிடாதே.

அன்புடன்,
அப்பா