அலுமினியத்தையும் காற்று அரிக்கும்

ஆசிரியருக்கு வணக்கம்.

அலுமினியத்துக்கு அரிப்பே வராது என்று பலரும் நம்புகிறோம். அதைக் காப்பது சில நானோமீட்டர் கனமே உள்ள ஆக்சைடு படலம்தான்; உலோகம் ஆக்சிஜனோடு சேர்ந்து மேலே உருவாகும் மெல்லிய அடுக்கு அது. கடல் உப்பு படிந்தால், அரிப்புக்கு மழையே வேண்டாம். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். உப்பிலுள்ள குளோரைடு அந்த ஆக்சைடு படலத்தைத் துளைத்துச் சிறு குழிகளை உண்டாக்கும். அப்புறம் விரிசல் அங்கிருந்தே கிளம்பும். வலுவான அலுமினியக் கலவைகளில், ஈரத்தோடு நடக்கும் வினையில் பிறக்கும் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து உலோகத்தை நொறுங்கச் செய்கிறது.

1988-இல் ஹவாயில் ஒரு போயிங் 737 விமானத்தின் அலுமினிய மேற்கூரை நடுவானில் பிய்ந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். உப்புக்காற்றில் தீவுக்குத் தீவு பறந்த விமானம் அது. இணைப்புகளில் அரிப்பும் விரிசலும் இருந்தன.

பறந்த மணிநேரத்தோடு, எந்தக் காற்றில் பறந்தது என்பதையும் பராமரிப்பில் கணக்கிட்டே ஆக வேண்டும்.

- ஒரு வாசகர்