கழற்ற முடிந்தால் புதுமை நல்லது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் பாலாலயம் (தெய்வ சக்தியைத் தற்காலிகமாக வேறிடத்துக்கு மாற்றும் சடங்கு) முடித்துத் திருப்பணி தொடங்கவிருக்கும் காரியக்காரர்களுக்கும், வெளிநாட்டிலிருந்து மனமுவந்து பணம் அனுப்பும் புள்ளிகளுக்கும் (கோயிலைச் சேர்ந்த குடும்பத்தாருக்கும்) இதை எழுதுகிறோம். கோயில் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற ஆசை நியாயமானதே. அதற்குப் பிடிக்கும் வழியில்தான் சேதம் வருகிறது.

முதல் எதிரி சாண்ட் பிளாஸ்டிங். கம்ப்ரஸர் வேகத்தில் மணல் மோதும்போது எண்ணெய்ப் பிசுக்கோடு கல்லின் மேல்தோலும் போய்விடுகிறது. துவாரபாலகரின் விரல் நகம் மழுங்குகிறது, கல்வெட்டு எழுத்தின் விளிம்பு கரைகிறது. சொரசொரத்த கல்லில் பிசுக்கு முன்னைவிட வேகமாக ஏறும். வெந்நீர், காரம் குறைந்த சோப்புக் கரைசல், தேங்காய் நார் போதும். பிசுக்கு தடித்திருந்தால் களிமண்ணை அதே கரைசலில் குழைத்து விரல் கனத்துக்கு அப்பி, காய்ந்ததும் உரித்து நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டியிருக்கும், பொறுமை வேண்டும். ஆசிட் கூடவே கூடாது. கல்லில் உள்ள இரும்பைக் கரைத்து மஞ்சள் கறையாக்கும், இணைப்புச் சுண்ணாம்பையும் அரிக்கும்.

அடுத்தது தரை. பழைய தளக்கல் மேல் பாலிஷ் கிரானைட் பதித்தால் தரை உயர்ந்து அடித்தளத்துக் கல்வெட்டு புதைகிறது, அபிஷேகத் தண்ணீர் வடியும் வாட்டமும் கெடுகிறது. எண்ணெயும் தண்ணீரும் சேர்ந்த கிரானைட்டில் வயதான ஆச்சிமார் கால் வழுக்கி விழுகிறார்கள். ஆடும் கல்லை மட்டும் எடுத்து, மணலும் சுண்ணாம்பும் இட்டு மட்டம் பார்த்துப் பதித்தாலே போதும்.

கோபுரத்துச் சுதைக்கு (சுண்ணாம்புச் சாந்தில் செய்த உருவங்களுக்கு) சிமெண்டும் எனாமல் பெயிண்டும் ஆகாது. உள்ளே இறங்கிய மழை ஈரம் வெளியே வர வழியில்லாமல் செங்கல்லை உதிர்க்கும்; சில மழைக்காலத்தில் பொம்மையின் கை தனியாகக் கழன்று விழும்.

அஷ்டபந்தனத்தை நினைத்துப் பாருங்கள். கொம்பரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் முதலான எட்டுச் சரக்கை இடித்து, லிங்கத்தைப் பீடமான ஆவுடையாரோடு பிணைக்கச் சாத்துகிறோம். இளகி உதிர்ந்தால் எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்தலாம், சிலைக்கோ பீடத்துக்கோ கீறல் விழாது. மூலவருக்கே பெரியவர்கள் வைத்த முறை இது.

பழையதைக் கெடுக்காமல் கழற்ற முடிய வேண்டும் என்ற அதே அளவுகோலை இன்றைய வசதிகளுக்கும் வைக்கலாம். எல்இடி விளக்கு, கேமரா, வெளியூர்ப் பிள்ளைகள் பார்க்க நேரலை, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் எல்லாம் வரட்டும், தாராளமாக வரட்டும். ஆனால் வயருக்காகத் தூணில் துளை போட்டு இரும்பு ஆணி அடிக்காதீர்கள். துருப்பிடித்த இரும்பு பருத்துக் கல்லைப் பிளக்கும். ரப்பர் வைத்த எவர்சில்வர் பட்டையைத் தூணைச் சுற்றிக் கட்டுங்கள். சாய்தளத்தைப் படிக்கல்லோடு சேர்த்துப் பூசாமல் மரத்தில் தனியாகச் செய்து வையுங்கள்.

வேலைக்காரர் ஏறுவதற்கு முன்பே ஒவ்வொரு கல்வெட்டையும் இரவில், டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படமெடுங்கள். மைப்படியும் (ஈரத்தாளை எழுத்தின் மேல் ஒற்றி மை தடவி எடுக்கும் படி) எடுத்துக் கோயில் கணக்கோடு வையுங்கள். சாண்ட் பிளாஸ்டிங், ஆசிட், எனாமல் மூன்றும் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி, அதன் பிறகே முன்பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
திருப்பணி வேலை அறிந்த வாசகர்கள்,
காரைக்குடி