அந்தத் தாளில் இருந்த ஊர்ப்பெயர்

டர்பன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். மூன்று வாரமாக நீ போனை எடுக்கவில்லை. வேலை அதிகம் என்று தங்கச்சி சொன்னாள். சரி. புது வண்டி வாங்கியிருக்கிறாயாம், சந்தோஷம். ராத்திரியில் மட்டும் ஓட்டாதே.

மாமாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்துவிட்டது. உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கிற எங்கள் ஹெர்பேரியத்தில் இந்த வாரம் சைக்கட் அலமாரியைப் பிரித்தோம். மற்ற செடியென்றால் உலர்த்தி ஒரே தாளில் ஒட்டிவிடலாம், பனை மாதிரி ஓலை விடுகிற இந்தச் சைக்கட் அடங்காது. ஆள் உயர ஓலையை நுனி, நடு, அடி என்று நறுக்கி நூலால் தைக்கணும், கூம்பைச் செதில் செதிலாகப் பிரித்துப் பெட்டியில் போடணும். கட்டைவிரலில் முள் ஏறி இன்னும் கடுக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துத் தருவாயே. எட்டு வயதில் ஓலையைப் பார்த்தே மூன்று இனத்தைப் பெயர் சொன்ன பிள்ளை நீ. அன்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தேன்.

பொட்டானிக் கார்டனில் வுட் சைக்கட் அடியில் உட்கார்ந்து கதை சொன்னேன், நினைவிருக்கிறதா? 1895-இல் ஒன்கோயே காட்டில் தாவரவியலாளர் மெட்லி வுட் கண்டது ஒரே ஒரு தூறு, நாலு தண்டு, எல்லாம் ஆண். பெண் இன்றுவரை கிடைக்கவில்லை. 1916-இல் கடைசித் தண்டையும் பெயர்த்துப் பிரிட்டோரியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். “ஏம்மா, காட்டுக்கு ஒண்ணுகூட விட்டுவைக்கலையா?” என்று அழுதாயே தம்பி.

போன தீபாவளிக்கு வந்தபோது நீ கேட்டாய் என்று, சைக்கட் தாள் இருந்த அந்த உறையைத் திறந்தது நான். சைக்கட் எங்கே கிடைத்தது என்பதை வெளியாருக்குக் காட்டக் கூடாது. திருடுகிறவர்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். வெளியே போகிற படத்தில் அதை மறைப்பதே என் வேலை. நீ போனில் படம் எடுத்தாய். பார்த்துக்கொண்டே நின்றேன். பழைய ஆசை திரும்பிவிட்டது என்று நினைத்து உள்ளுக்குள் பூரித்துப்போனேன்.

அந்தத் தாளில் எழுதியிருந்த சரிவில் இப்போது வெறும் குழிகளாம். வெள்ளிக்கிழமை பேசிக்கொண்டார்கள். தாளை யார் எடுத்தது என்று கேட்டபோது நான் தலை நிமிரவில்லை, தைத்துக்கொண்டே இருந்தேன்.

எங்கள் ஹெர்பேரியத்துப் பெரியவர் லீவு முடிந்து அடுத்த மாதம் முதல் தேதி வருகிறார். உறையைத் திறந்தது நான் என்று சொல்லிவிடப் போகிறேன். யாருக்காக என்று கேட்பார். அதற்குள் நீ போன் பண்ணு. எந்நேரமானாலும் எடுப்பேன். வேளைக்குச் சாப்பிடு. ராத்திரியில் வண்டி ஓட்டாதே.

அம்மா